பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை

சென்ற வாரம் சுரேஷ் போன் செய்தான். நான் வேலை பார்த்த தேயிலைக் கம்பெனியின் குன்னூர் அலுவலகத்தில் எனக்குப் பின்னால் சேர்ந்தவன், பொள்ளாச்சிப் பையன்.

"ஏனுங்ணா, ஃபிளைட்ல கையோட கொண்டு போற பெட்டி ஒண்ணு வாங்கோணும். அடிக்கடி வெளியூர் போனாலும் பல வருசத்துக்குத் தாங்கோணும். உங்களுக்குத்தான் அதுல அனுபவம் ஜாஸ்தி. எதுங்ணா நல்லது?"

"தேயிலைச் சாம்பிளெல்லாம் இப்பக் கூரியர்ல போகுதே, நீ எதுக்குடா வெளியூர் போறே?"

"வேற வேலை தேடறதுக்குங்ணா."

போனில் சொல்லித் தீருகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் ஓய்வு பெற்றவன். உடனே தலையில் நரையையும் கையில் தடியையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம், எனக்கு முப்பத்திரண்டு வயதுதான் ஆகிறது. தேயிலை விலை விழுந்து எழுந்திருக்காமலே கிடந்த காலத்தில் கம்பெனி கொண்டுவந்த விருப்ப ஓய்வுத் திட்டத்தில் வெளியே வந்தேன். விருப்பம் அவர்களுடையது, ஓய்வு என்னுடையது. பிரிவுபசார விழாவில் சால்வை போர்த்தினார்கள். வாழ்த்திப் பேசியவர்களில் ஒருவர் எப்போதும் வாசிக்கும் உரையைப் பெயரை மட்டும் மாற்றி வாசித்தார். "இனி பேரன் பேத்திகளோடு நிம்மதியாகக் காலம் கழிக்க வாழ்த்துகிறேன்" என்று முடித்தார். எனக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்கவில்லை. நினைவுப் பரிசாக நான் தூக்கிச் சுமந்த பெட்டியையே எனக்குக் கொடுத்தார்கள். இந்தக் கட்டுரை அந்தப் பெட்டியைப் பற்றியது.

என் பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். சேரம்பாடிப் பக்கம் இதே கம்பெனியின் தோட்டத்தில் கொழுந்து பறித்தார்கள். அப்பா சீக்கிரம் போய்விட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள் நான். படித்தவன் முதுகில் கூடை இருக்காது, கையில் பெட்டி இருக்கும் என்று அம்மா லயத்தில், அதாவது தோட்டத்துக் குடியிருப்பு வரிசையில், எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் என்னைப் பற்றிச் சொன்னவற்றில் அது ஒன்றுதான் அப்படியே பலித்தது.

பி.காம் முடித்துக் குன்னூரில் விற்பனைப் பிரிவில் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கரண்டியில் தேநீரை எடுத்துச் சத்தமாக உறிஞ்ச வேண்டும், நாக்கில் புரட்ட வேண்டும், துப்ப வேண்டும். "சத்தம் போடாமக் குடி" என்று வீட்டில் அடி வாங்கி வளர்ந்தவனுக்கு அதை மறக்கத்தான் நாளாயிற்று. துப்புவது அதைவிடக் கஷ்டம். குடித்த டீயைத் துப்புகிறவர்களை எங்கள் லயத்தில் வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள்.

பயிற்சி முடிந்ததும் வரதராஜன் சாரிடம் ஒப்படைக்கப்பட்டேன். விற்பனை மேனேஜர், கோயமுத்தூர்க்காரர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். சாதாரணமாக இருந்தால் "வாப்பா". கொஞ்சம் எரிச்சல் என்றால் "வாங்க தம்பி". "ஏனுங்க தம்பி, செத்த இப்பிடி வந்து உக்காருங்க, டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு வேலை போகாமல் இருந்தாலே புண்ணியம். ஒருமுறை ஒரு குமாஸ்தாவை "நீங்க பெரியவங்க, உங்களுக்கு நாஞ்சொல்லக் கூடாதுங்க" என்று சொல்லி அழவைத்தார். அந்தக் குமாஸ்தா அவரைவிட இருபது வயது சின்னவர்.

அவருக்கு இரண்டு நம்பிக்கைகள் இருந்தன. முதல் நம்பிக்கை, தேயிலைக்கு மூக்கு உண்டு என்பது. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையைத் தேயிலை இழுத்துக்கொள்ளும். இது உண்மைதான், தேயிலைத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் சார் அதை ஒரு மதமாகவே நடத்தினார். வாங்குகிறவர்களுக்குக் காட்ட மாதிரித் தூள் கொண்டு போகிறவன் கிளம்புவதற்கு முன்னால் ஒரு பரிசோதனை உண்டு. பெட்டியை மேசைமேல் திறந்து வைப்போம். சார் கண்ணை மூடி உள்ளே தலையை விட்டு மோப்பம் பிடிப்பார். அடுத்து டைப்பிஸ்ட் அம்மா, அதற்கும் அடுத்து வாட்ச்மேன். மூன்று பேரும் "இல்லைங்க" என்றால்தான் தேயிலை உள்ளே போகும். பிறகு பெட்டியை விட்டுவிட்டு என்னை மோந்து பார்ப்பார்.

"தம்பி, தலைக்கு என்னுங்க வச்சிருக்கறீங்க?"

"தேங்காய் எண்ணெய் சார்."

"பெட்டிக்குள்ள பலகாரமுங்களா சுடப் போறீங்க? போய்க் கழுவிட்டு வாங்க."

வாசனை சோப்பு கூடாது. பவுடர் கூடாது. பயணத்துக்கு முந்தின நாள் வெங்காயம் கூடாது. ஒருமுறை என் சட்டைப் பையில் கிடந்த ஒற்றை ஏலக்காயைக் கண்டுபிடித்து, கொலை நடந்த வீட்டில் கத்தியைக் கண்டெடுத்த போலீஸ்காரர் மாதிரி தூக்கிக் காட்டினார்.

இரண்டாவது நம்பிக்கை, வாங்குகிறவன் தேயிலையைப் பார்ப்பதற்கு முன்னால் பெட்டியைப் பார்க்கிறான் என்பது. விலை விழ விழ இந்த நம்பிக்கை அவருக்கு வலுத்தது. கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகள் கொழுந்தை ரோட்டில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் ஆட்களுக்கு வேலை. சார் சொன்னார்: "பழைய பெட்டியத் தூக்கீட்டுப் போனா கம்பெனி நொடிச்சுப் போச்சுன்னு நெனப்பானுங்க. புதுசு வாங்கோணும். நாளைக்குத் தாங்கறதா வாங்கோணும்."

கோயமுத்தூரில் போய் வாங்கினோம். கெட்டி ஓடு, நாலு சக்கரம், தேயிலைப் பச்சை நிறம். மூடும் விளிம்பில் சுற்றிலும் ரப்பர். தண்ணீரும் காற்றும் உள்ளே போகாது. கடைக்காரர் யானை ஏறி நின்றாலும் ஒன்றும் ஆகாது என்றார். சேரம்பாடிக்காரனிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டாம். எங்கள் ஊர் யானை பெட்டிமேல் ஏறி நிற்காது. பக்கத்தில் இருக்கிற வீட்டைத் தள்ளிவிட்டுப் பெட்டியைத் திறந்து உள்ளே அரிசி இருக்கிறதா என்று பார்க்கும். சாருக்கும் முழு நம்பிக்கை வரவில்லை. பெட்டியைக் குன்னூருக்குக் கொண்டுவந்து வாட்ச்மேனை அதன்மேல் ஏறிக் குதிக்கச் சொன்னார். நாங்கள் எல்லோரும் நின்று பார்த்தோம். வாட்ச்மேனுக்குத்தான் கணுக்கால் பிசகியது.

அந்தச் செலவை எங்காவது மிச்சம் பிடிக்க வேண்டுமே. அதுவரை தேயிலை மாதிரிகளை இறுக்கமான மூடி போட்ட சின்னச் சின்ன டின்களில் கொண்டு போவோம். சார் டின்னை நிறுத்திவிட்டார். காகிதப் பொட்டலம் போதும் என்றார்.

"வாசனை ஏறாதுங்களா சார்?" என்று கேட்டேன்.

"பெட்டியே டின்தானுங்க தம்பி. காத்தே போகாது. பொறகு வாசம் எப்பிடிப் போகும்?"

வெளியே இருக்கிற வாசனை உள்ளே போகாது என்பதை அவர் யோசித்திருந்தார். உள்ளே இருக்கிறது எங்கே போகும் என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

புதுப் பெட்டிக்கு முதல் பயணமே பெரிய பயணம். குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு சேட், மழைக்கால உற்பத்தி முழுவதையும் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவர் எடுத்தால் எங்கள் தோட்டத்துத் தொழிற்சாலை அடுப்பு எரியும். எடுக்காவிட்டால் மழை முடியும்வரை இழுத்துப் பூட்டுவது என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. தொழிற்சாலை பூட்டினால் கொழுந்து பறிக்க ஆள் எதற்கு? மூன்று நாள் வேலையும் போகும். அம்மாவும் அந்த லயத்துப் பெண்களும் திருப்பூருக்கோ கேரளாவுக்கோ மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வீட்டுக்குப் போனேன். பழகிக்கொள்ளட்டும் என்று சார்தான் கொடுத்தனுப்பினார். லயமே கூடிவிட்டது. அம்மா பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தாள்.

"மழ பட்டா ஒழுகாதாமா?"

"ஒழுகாதும்மா. ரப்பர் வச்சிருக்கு."

"அப்ப நல்லதாப் போச்சி. மழக்காலத்துல நாம இதுக்குள்ள போயி படுத்துக்கலாம். காம்பராவுல மூணு எடத்துல சட்டி வச்சிருக்கேன்."

காம்பரா என்றால் அறை. இலங்கையிலிருந்து கொண்டுவந்த சொல். அங்கிருந்து அப்பா ஒரு தகரப் பெட்டியும் கொண்டுவந்தார். அது இன்றைக்கும் உறுதியாக இருக்கிறது என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். சேரம்பாடியின் முதல் மழையிலேயே துரு ஏறி, இரண்டாவது மழையில் அடி விட்டுப்போனது. மூடியைக் கோழிக்கூண்டுக்குக் கூரையாகப் போட்டோம். கோழிகளும் நனைந்தன.

பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்கா கேட்டாள்: "ஏந்தம்பி, இம்புட்டுப் பெருசா இருக்கே, கம்பெனியையே உள்ள வச்சி விக்கக் கொண்டு போறியா?"

"டீத்தூள் சாம்பிள்தான்க்கா."

"தூளுக்கு வந்த வாழ்வப் பாரு."

நான் எல்லோருக்கும் விளக்கினேன். ராஜ்கோட் சேட் ஒப்புக்கொண்டால் மழை முழுக்க வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மேடையில் பேசுகிற மாதிரி ரொம்பச் சிரத்தையாகச் சொன்னேன். சிரிப்பு அடங்கிவிட்டது. மாரியாயி அக்கா மட்டும் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கேலியா கும்பிடா என்று இன்றுவரை தெரியாது.

கிளம்பும்போது அம்மா ஒரு பிளாஸ்டிக் கவரில் டீத்தூள் கட்டிக் கொடுத்தாள். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மாதாமாதம் கம்பெனி கொடுக்கும் தூள். சல்லடையில் எல்லாத் தரமும் பிரிந்த பிறகு கடைசியாக அடியில் விழுகிற பொடி. "வெளியூர்ல கழுநித்தண்ணி மாதிரி குடுப்பானுங்க. சுடுதண்ணி மட்டும் வாங்கிப் போட்டுக் குடி" என்றாள். பெட்டிக்குள் சொந்தச் சாமான் கூடாது என்பது சாரின் சட்டம். அதனால் அது என் துணிமணிகளோடு பழைய ரெக்சின் பையில் போயிற்று.

திங்கட்கிழமை பரிசோதனை. சார் மோந்தார், டைப்பிஸ்ட் அம்மா மோந்தார், வாட்ச்மேன் நொண்டிக்கொண்டே வந்து மோந்தார். சுத்தம். பொட்டலங்களை அடுக்கினோம். மேலே சேட்டுக்கான அன்பளிப்பு: ஒரு பாக்கெட் வர்க்கி பிஸ்கட், கொஞ்சம் சாக்லேட், இரண்டு குப்பி நீலகிரித் தைலம். மலையிலிருந்து யாரைப் பார்க்கப் போனாலும் தைலம் கொண்டு போகாவிட்டால் நமக்கு ஒரு மாதிரி இருக்கும். மூடி லேசாகக் கசியத்தான் செய்யும். கசியாத குப்பியைப் பார்த்தால்தான் உள்ளே தைலமா தண்ணீரா என்று எங்களுக்குச் சந்தேகம் வரும். எல்லாவற்றையும் அடுக்கிய பிறகு சார் இன்னொரு முறை குனிந்து, ஆழமாக மூச்சை இழுத்து, "ஒரு வாசமும் இல்லைங்க" என்று பெட்டியை மூடினார். ரப்பர் விளிம்பு மெத்தென்று உட்கார்ந்தது.

நாலு சக்கரப் பெட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், சுரேஷ். அதை வடிவமைத்தவன் குன்னூரைப் பார்த்ததில்லை. அலுவலக வாசலிலிருந்து ரோடு வரைக்கும் சரிவு. பாதி தூரம் போயிருப்பேன், பின்னாலிருந்து சார் "தம்பி" என்று கூப்பிட்டார். எனக்கு அந்தக் குரல் கேட்டால் திரும்பி நின்று கையைக் கட்டிக்கொள்ளுகிற பழக்கம். கட்டிக்கொண்டேன். கட்டிக்கொள்ள வேண்டுமானால் முதலில் பெட்டியை விட வேண்டும். விட்டேன்.

அது என்னை விட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பியது. கேட்டைத் தாண்டியதும் வேகம் பிடித்தது. பேருந்துக்கு நின்றவர்கள் மரியாதையாக ஒதுங்கி வழி விட்டார்கள். தள்ளுவண்டியில் கேரட் விற்றுக்கொண்டிருந்தவர் கத்தினார்: "ஏனுங்க, ஓடறது உம்பட பெட்டியா? தனியாவா ஊருக்குப் போகுது? டிக்கெட் எடுத்துருச்சா?" அடுத்த நொடி பெட்டி அவர் வண்டியில் மோதி, கேரட் ரோடெல்லாம் உருண்டது. ஓடிப் போய்ப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. வண்டியின் சக்கரம்தான் கோணலாகியிருந்தது.

மேலே நின்ற சார் வாயெல்லாம் பல்லாக, "பாத்தீங்களா? எத்தன தரமா இருக்குது!" என்றார். கேரட்காரர் அவரிடம் என்ன சொன்னார் என்பதை அச்சில் போட முடியாது.

கோயமுத்தூர் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்த வடநாட்டுக் காவலர் ஒரு அடி பின்னால் நகர்ந்து, மூக்கைத் தேய்த்துக்கொண்டே, "சளியா?" என்று இந்தியில் கேட்டார். என் உடம்பைப் பற்றி இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்து, "இல்லை, நலமாக இருக்கிறேன்" என்று புத்தக இந்தியில் பதில் சொன்னேன். பம்பாய்வரை விமானம், அங்கிருந்து ரயில். விமானத்தில் போக வேண்டும் என்பதும் சாரின் கொள்கைதான். ரயிலிலேயே வந்தால் சேட் நம்மைச் சாதாரணமாக நினைத்துவிடுவாராம். கடைசிப் பகுதியை நான் ரயிலில்தான் வந்தேன் என்று சேட்டுக்குத் தெரியாமல் இருக்க, ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்து இறங்கும்போது கொஞ்சம் களைப்பில்லாத முகமாக வைத்துக்கொண்டேன்.

சேட்டுக்கு வயது அறுபதுக்கு மேல். வெறுங்காலோடு இருந்தார். தோளில் நூல் பிரிந்த துணிப்பை. அறையில் நீளமாக வெள்ளைக் கிண்ணங்கள் அடுக்கியிருந்தன. எங்கள் பொட்டலங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் தூள் எடுத்துக் கொதிநீர் ஊற்றி மூடி வைத்தார்கள். நேரம் ஆனதும் சேட் முதல் கிண்ணத்துக்கு வந்தார். கரண்டியில் எடுத்தார். உறிஞ்சினார். முகம் அப்படியே நின்றது. துப்பினார். இரண்டாவது. துப்பினார். மூன்றாவதை உறிஞ்சவே இல்லை, மோந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"தம்பி, இதைக் குடிக்க வேண்டுமா, மார்பில் தேய்த்துக்கொள்ள வேண்டுமா?"

எனக்குப் புரியவில்லை. கிண்ணத்தில் மூக்கை வைத்தேன். டீ வாசனைதான் வந்தது. "நல்ல டீதானே ஐயா" என்றேன். சேட் தன் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டார். அவர் கிண்ணத்துக்குமேல் குனிந்து, கண்ணில் நீர் வழிய நிமிர்ந்து, "மூக்கடைப்பு விட்டுப்போச்சு" என்றார்.

சேட் என் பெட்டியருகில் வந்து உள்ளே பார்த்தார். தைலக் குப்பியைத் தூக்கிக் காட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒற்றை ஏலக்காயை வேட்டையாடிய அலுவலகம் அது. தேங்காய் எண்ணெயைக் கண்டுபிடித்த மூக்குகள். ஆனால் அவை எல்லாமே தைல மரங்களுக்கு நடுவே மூச்சு விட்டு, தைலம் காய்ச்சும் புகையில் நடந்து, ராத்திரி தைலம் தடவிப் படுத்த மூக்குகள். அந்த ஒரு வாசனை மட்டும் எங்களுக்கு வாசனையே இல்லை, காற்று. காற்றுப் புகாத பெட்டியில் அந்தக் காற்றைப் பூட்டி, காகிதப் பொட்டலத் தேயிலையோடு ராஜ்கோட்வரை கொண்டுவந்திருந்தேன்.

வெளியே போய் சாருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"ஏனுங்க தம்பி," என்றார் மிக மிக மரியாதையாக, "தைலத்துக்கு ஏதுங்க வாசம்?"

உள்ளே திரும்பினால் சேட் பெட்டியை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பெட்டி ரொம்ப நல்ல பெட்டி. எத்தனை வருஷம் உத்தரவாதம்?" என்று கேட்டார். சொன்னேன். "விமானத்தில் வருகிறீர்கள். இந்த மாதிரிப் பெட்டி வாங்குகிறீர்கள். விலை விழுந்துவிட்டது, கஷ்டம், ஒரு காசு குறைக்க முடியாது என்று உங்கள் மேனேஜர் சொல்கிறார். நான் எதை நம்புவது?"

சார் சொன்னது சரிதான். வாங்குகிறவன் தேயிலைக்கு முன்னால் பெட்டியைப் பார்க்கத்தான் செய்கிறான்.

சாயந்திரம் முடிவு சொல்கிறேன் என்றார். முடிவு அவர் முகத்திலேயே இருந்தது. வராந்தாவில் உட்கார்ந்தேன். லயத்தில் நின்று பேசிய பேச்செல்லாம் ஞாபகம் வந்தது. ஊருக்குப் போய் அம்மாவிடம் "தொழிற்சாலையைத் தைலம் பூட்டிவிட்டது" என்று எப்படிச் சொல்வது? காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. சமையல்காரரிடம் ஒரு டம்ளர் சுடுதண்ணீர் வாங்கி, ரெக்சின் பையிலிருந்து அம்மா கொடுத்த தூளைப் போட்டேன். தண்ணீர் சட்டென்று செங்கல் நிறத்துக்கு மாறியது.

அந்தப் பக்கம் போன சேட் நின்றார்.

"இது என்ன?"

"என் சொந்தத் தூள் ஐயா."

டம்ளரை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். மோந்தார். சமையல்காரரைக் கூப்பிட்டு, மீதித் தூளைப் பால் விட்டு நன்றாகக் கொதிக்கவைக்கச் சொன்னார். கொதித்து வந்ததைத் தட்டில் ஊற்றிக் குடித்தார். துப்பவில்லை. முழுசாகக் குடித்துவிட்டுத் தட்டை வைத்தார்.

"இதை ஏன் பெட்டியில் வைக்கவில்லை?"

"இது விற்கிற தூள் இல்லை ஐயா. கொழுந்து பறிக்கிறவர்களுக்குக் கம்பெனி கொடுப்பது."

சேட் வாய்விட்டுச் சிரித்தார். "எங்கள் ஊரில் கொதிக்கக் கொதிக்க நிறம் இறங்க வேண்டும். இவ்வளவு நாளாக எனக்குப் பார்வைக்கு அழகான இலையைக் காட்டிவிட்டு, நல்லதை நீங்களே குடித்தீர்களா?" என்றார். மழைக்காலப் பொடி முழுவதையும் எடுத்துக்கொள்வதாக அன்றைக்கே சாருக்குப் போனில் சொன்னார். ஒரே நிபந்தனை, அன்பளிப்பு வேண்டாம்.

தொழிற்சாலை அடுப்பு எரிந்தது. லயத்தில் வாரம் முழுக்க வேலை. குன்னூரில் கூட்டம் போட்டு, சார் பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்து, "பெட்டி வேலை செஞ்சிருக்குதுங்க" என்று பேசினார். எல்லோரும் பெட்டிக்குக் கைதட்டினார்கள். ஆயுத பூஜைக்கு அதற்குக் குங்குமம் வைத்து மாலை போட்டோம். சந்தனம் மட்டும் வைக்கவிடவில்லை. வாசனை ஏறிவிடுமாம்.

அடுத்த மாதம் ஊருக்குப் போனபோது அம்மா டீ கொடுத்தாள். டம்ளரின் அடி தெரிந்தது.

"என்னம்மா இது?"

"நீதான் சொல்லணும், படிச்சவன். நம்ம தூளு எல்லாம் வடக்க போகுதாம். தொழிலாளிக்கு இனிமே மொதத் தரம் எலத்தூளுன்னு தோட்டத்துத் தொர வந்து மீட்டிங் போட்டுச் சொன்னாரு. கையெல்லாம் தட்டச் சொன்னாங்க. தட்டுனோம். வெந்நி குடிக்கிற மாதிரி இருக்கு."

மாரியாயி அக்கா வாசலில் நின்று சொன்னாள்: "ஒம் பெட்டி ரொம்ப ராசியான பெட்டி தம்பி. வேலையக் கொண்டாந்துச்சி, தூளக் கொண்டு போயிருச்சி. நல்லவேள, அன்னிக்கி காம்பராவ உள்ள வச்சி அனுப்பாமப் போனோம்."

நான் சாரிடம் எடுத்துச் சொன்னேன். தொழிலாளிகளுக்குப் பழைய தூளே வேண்டுமாம் என்றேன். "செத்த உக்காருங்க தம்பி, டீ சாப்பிடறீங்களா?" என்றார். வேலை இருக்கிறது என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

ராஜ்கோட்டுக்குப் பிறகு மாதிரிகள் மட்டும் மறுபடி டின்னில் போயின. அந்தப் பெட்டி எத்தனை பயணம் தாங்கியது என்று நான் கணக்கு வைத்ததில்லை. கைப்பிடி இன்றைக்கும் இழுத்தால் ஒரே இழுப்பில் வருகிறது. சக்கரங்களில் முடியும் நூலும் சுற்றிக்கொள்ளும், எடுத்துவிட்டால் மறுபடி ஓடும். குன்னூர்ப் பனியில் மூடிவைத்த துணிக்கெல்லாம் பூஞ்சை பிடிக்கும், இந்தப் பெட்டிக்குள் வைத்தால் பிடிக்காது. பூஞ்சைக்கே அந்தத் தைல வாசனை ஆகவில்லை என்று நினைக்கிறேன். இதற்கு நடுவே மாதிரிகளைக் கூரியரில் அனுப்பலாம் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். முதலில் வரதராஜன் சாரை மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். பெரிய அதிகாரி அவரை எதிரில் உட்காரவைத்து "டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டாராம். சாருக்கு அப்போதே விஷயம் புரிந்திருக்கும். அடுத்து என் ஓய்வுக் கடிதம் வந்தது.

கடிதம் வந்த பிறகு ராஜ்கோட்டுக்கு ஒரு கடைசிப் பயணம் மிச்சம் இருந்தது. பத்து நாள் அங்கே தங்க வேண்டியிருந்தது. கிளம்பும்போது சேட்டிடம், அவர் கிடங்கில் இருக்கிற எங்கள் தோட்டத்துப் பொடியில் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டேன். "உங்கள் தூளை என்னிடம் கேட்கிறாயா?" என்று சிரித்துக்கொண்டே ஒரு கவர் நிறையக் கொடுத்தார். ரெக்சின் பை அதற்குள் கிழிந்து எங்கோ போய்விட்டது. சாரும் இல்லை, அவர் சட்டமும் இல்லை. தூளைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தேன்.

சேரம்பாடியில் அம்மா கவரைப் பிரித்ததும் எனக்கு மூக்கில் குப்பென்று ஏறியது. பத்து நாள் சமவெளிக் காற்றைச் சுவாசித்து வந்த மூக்கு. முதல்முறையாக எனக்குத் தெரிந்தது, சேட்டின் கணக்குப்பிள்ளைக்கு ஏன் கண்ணில் நீர் வந்தது என்று. கண் எரிந்தது.

"தூக்கிப் போட்டுரும்மா. தைலம் வீசுது."

அம்மா கவரை முகத்தருகில் கொண்டுபோனாள். தினமும் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கிறவள். நன்றாக இழுத்து மோந்தாள்.

"என்னா வாசம்? ஒண்ணுமில்லயே. நம்ம தூளு வாசந்தானே வருது."

கொதிக்கவைத்தாள். செங்கல் நிறம் இறங்கியது. மாரியாயி அக்காவுக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள். இருவரும் முழுசாகக் குடித்தார்கள். குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, அம்மா மூலையில் நின்ற பெட்டியைப் பார்த்தாள்.

"அடுத்த மாசமும் கொண்டாந்துரு. இந்தப் பெட்டி இன்னும் கொஞ்ச வருசம் தாங்குமா?"

ஓய்வுக் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது.

"தாங்கும்மா," என்றேன். "பெட்டிக்கு ஒண்ணும் ஆகல."